படுவான்கரையில் முதல் நியமனம்

நியமனக் கடிதத்தில் உள்ள பாடசாலைப் பெயரைச் சொன்னதும் மட்டக்களப்பில் வீட்டார் கேட்பது, எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள் என்றல்ல. "ஆத்துக்கு அங்காலயா?" என்றுதான். வாவியை இங்கே ஆறு என்றே சொல்வார்கள். சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, படும் பக்கம் படுவான்கரை. நகரமும் பெரிய பாடசாலைகளும் தாழங்குடாவிலுள்ள தேசிய கல்வியியற் கல்லூரியும் கிழக்குக் கரையில் இருக்கின்றன. இரண்டு வருடம் கல்லூரியில் தங்கிப் படித்து, மூன்றாம் வருடத்தைப் பயிற்சிக்காக ஒரு பாடசாலையில் கழித்துவிட்டு வரும் பெண்பிள்ளைக்கு வெற்றிடம் கிடைப்பதோ பெரும்பாலும் மேற்குக் கரையில். ஆகவே அவள் எடுக்க வேண்டிய முதல் முடிவுக்கும் கற்பித்தலுக்கும் சம்பந்தமில்லை என்று தோன்றும்: தினமும் ஆற்றைக் கடப்பதா, அங்கேயே தங்குவதா? உண்மையில் முதல் வருடக் கற்பித்தலின் பாதி இந்த முடிவில்தான் தங்கியிருக்கிறது.

கடக்க வழிகள் உண்டு. நகரத்திலிருந்து வவுணதீவுக்கு வலையிறவுப் பாலம். ஆரையம்பதிப் பக்கமிருந்து கொக்கட்டிச்சோலைக்கு 2014 இல் திறந்த மண்முனைப் பாலம். களுவாஞ்சிக்குடியிலிருந்து போக பட்டிருப்புப் பாலம். குறுமண்வெளியிலிருந்து மண்டூருக்குப் போவதென்றால் 'பாதை'. வெளியூராருக்கு இந்தச் சொல் குழப்பும். இங்கே பாதை என்றால் வீதியல்ல. ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. வாடைக்காற்று பலமாக வீசினால் பாதை ஓடாது. அன்று பாலத்தால் சுற்றிப் போய்ச் சேரும்போது 7.30 தாண்டியிருக்கும், கையொப்பப் புத்தகத்தில் சிவப்புக் கோடு விழுந்திருக்கும்.

பயணச் செலவைக் கணக்குப் பார்த்துத்தான் பலர் முடிவெடுக்கிறார்கள். அதைவிடப் பெரிய செலவு பின்னேரம். 1.30 மணியோசையோடு பஸ்ஸுக்கு ஓடும் ஆசிரியைக்கு, வகுப்பில் தூங்கி விழும் பிள்ளை இரவில் எங்கே படுக்கிறது என்பது தெரியவராது. ஒரு மாரியும் ஒரு அறுவடையும் கழியும் வரையாவது ஊரிலேயே தங்குவது நல்லது என்பதே என் கணிப்பு. அதற்குப் பிறகு போய்வரத் தொடங்கினாலும் கண் பழகியிருக்கும்.

தங்க முடியாதவர்களுக்கு ஸ்கூட்டிதான் துணை. சாறியோடு ஓட்டும்போது முந்தானையை இடுப்பில் இரண்டு சுற்றாகச் செருகி ஊசி குத்த வேண்டும். ஓட்டுபவரைவிடப் பின்னால் ஒருபக்கமாக இருப்பவரின் சாறியே சில்லுக்குள் போகும். அது தைரியத்தோடு சம்பந்தப்பட்ட விடயமல்ல, துணி நீளத்தோடு சம்பந்தப்பட்டது. கிரவல் வீதிப் புழுதிக்கும் ஆனி, ஆடி வெக்கைக்கும் பொலியஸ்டர் சரிவராது. மருதமுனைக் கைத்தறிச் சாறி ஐந்து இருந்தால் ஒரு கிழமை போகும். கஞ்சி மெல்லிதாகப் போட வேண்டும். தடித்த கஞ்சி வியர்வையில் பிசுபிசுக்கும். மழைக்கோட்டு உடம்பைக் காக்கும், பையைக் காக்காது. இடாப்பும் (வரவுப் பதிவேடு) பாடக்குறிப்பும் தடித்த பொலித்தீன் உறைக்குள் இருக்க வேண்டும்.

யானைக் கதையை மிகைப்படுத்தல் என்று நினைக்க வேண்டாம். நெல் முற்றும் காலத்தில் படுவான்கரையின் உட்கிராமங்களில் யானை வீதிக்கு ஏறும். விடியாத இருட்டில் தனியே வெளிக்கிடுவது கூடாது. நிலம் வெளித்த பிறகு, பால் கொண்டு போகிறவர்களோ முன்னால் ஒரு பஸ்ஸோ போன பின் அதே வழியால் போகலாம். வளைவில் ஹோர்ன் அடித்து யானையை விரட்டப் பார்ப்பது நகரத்துப் புத்தி. தூரத்திலேயே நிறுத்தித் திருப்புவதுதான் ஊர்வழக்கம்.

இனி அறை. பொதுவாக ஒரு குடும்பத்தோடு, முன் அறையோ புறம்பான சிறு வீடோ கிடைக்கும். இந்தப் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போவதால் ஒரே வளவுக்குள் தாயும் மகளும் பெரியம்மாவும் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பார்கள். தனியாக வரும் ஆசிரியைக்கு இது வசதி. இரவில் கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் நாலு பெண்கள் இருப்பார்கள். ஆனால் தன் வகுப்பில் படிக்கும் பிள்ளையின் வீட்டில் மட்டும் அறை எடுக்கக் கூடாது. அந்தப் பிள்ளைக்குப் பள்ளி முடியவே முடியாது. புலமைப்பரிசில் புள்ளி எதுவானாலும் "டீச்சர் அவங்கட வீட்டிலதானே" என்ற பேச்சு வரும். அதிபரின் வீட்டிலும் வேண்டாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அறையைப் பகலில் ஒருமுறையும் பொழுதுபட்ட பின் ஒருமுறையும் பார்க்க வேண்டும். பகலில் தெரியாதது இரவில் தெரியும்: கழிவறைக்குப் போகும் வழியில் வெளிச்சம் இருக்கிறதா, கதவுக்கு உள்ளே நல்ல கொண்டி உண்டா, போன் சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது. தகரக் கூரையென்றால் மத்தியானத்துக்குப் பின் உள்ளே இருக்க முடியாது, மழை நேரத்தில் கதைக்கவும் முடியாது; ஓடு என்றால் ஒழுகிய கறை சுவரில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்க்க வேண்டும். வாவிக்கு அண்மைய கிணறுகள் கோடையில் உவர்க்கும், மாரியில் இனிக்கும்; கார்த்திகையில் ருசி பார்த்து அறை எடுத்தவர் ஆடியில் குடிதண்ணீர் சுமப்பார். வெள்ளம் வடிந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து குளோரின் இடும் வரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைப் பாவிக்காமல் இருப்பதே நல்லது. குடிப்பது எப்போதும் கொதித்தாறிய தண்ணீராகவே இருக்கட்டும்.

மின்சாரத்துக்குத் தனி மீட்டர் இல்லாவிட்டால், மாதம் எவ்வளவு என்று முதல் நாளே பேசி முடிக்க வேண்டும். மனக்கசப்பு வாடகையால் வருவது குறைவு. அயன்பொக்ஸாலும் ஹீற்றராலும் வருவதே அதிகம். சமையலுக்கு 5 கிலோ காஸ் சிலிண்டர் ஒருவருக்குப் போதும், ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்திலும் நிற்கும். அரிசியை மூடையாக வாங்கி அறைக்குள் அடுக்க வேண்டாம். நெல்லும் உப்பும் இருக்கும் சுவரைத்தான் யானை தள்ளும். அங்கே ஒரு கிழமைக்கு மேல் சாமான் வைத்திருப்பதில்லை என்பதை வீட்டுக்காரரே சொல்லித் தருவார்கள். மாரியில் பாம்பும் காய்ந்த இடம் தேடி உள்ளே வரும். இரவில் காலை நிலத்தில் வைக்க முன் ரோச் அடிப்பதும், செருப்பைத் தட்டிப் போடுவதும் ஒரு கிழமையில் பழகிவிடும். குடியேறியதும் கிராம உத்தியோகத்தரிடம் பெயர் கொடுத்து வைப்பது நல்லது. வெள்ளக் காலத்தில் யார் எங்கே இருக்கிறார்கள் என்ற கணக்கு அவரிடம்தான் இருக்கும்.

அலுவலகக் காகிதங்கள் தனி உலகம். கடமையேற்புக் கடிதம், மருத்துவச் சான்றிதழ், சான்றிதழ்களின் பிரதிகள், வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் அதிபர் வழியாகவே வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போகும். நேரே கொண்டுபோய்க் கொடுத்தால் "அதிபரின் சிபாரிசு எங்கே" என்று திரும்பி வரும். எதைக் கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் திகதி முத்திரை வாங்கி வைக்க வேண்டும். ஒரு படிவம் குறைந்தாலும் முதல் சம்பளம் அடுத்த மாதத்துக்குத் தள்ளும். கையில் மூன்று மாதச் செலவுக்குப் பணம் வைத்துக்கொண்டு வருவதே புத்தி. தகுதிகாண் காலம் மூன்று வருடம். அதற்குள் லீவு விடயத்தில் கவனம் தேவை. தொலைபேசியில் சொன்ன லீவு லீவல்ல. எழுத்தில் கொடுத்தது மட்டுமே கணக்கு.

இடாப்பில் பிழை விட்டால் வெள்ளைப் பூச்சு பூசக் கூடாது. ஒற்றைக் கோட்டால் வெட்டி, பக்கத்தில் சிறு ஒப்பம். வரவை முதல் பாடவேளையிலேயே குறிக்க வேண்டும். பிறகு போடலாம் என்று விட்டால் பாடசாலை உணவுக்குக் கொடுத்த எண்ணிக்கையும் இடாப்பு எண்ணிக்கையும் முட்டும். சோற்றுக் கணக்கில் இரண்டு பிள்ளைகள் கூடினால் கேள்வி கேட்க ஆள் வருவார்.

சிறிய பாடசாலையில் பயிற்சிக் காலத்தில் காணாத ஒன்று காத்திருக்கும்: இரண்டு தரம், ஒரு அறை, ஒரு ஆசிரியை. தரம் 1 ஐயும் 2 ஐயும் சேர்த்து வைத்திருந்தால் நாற்பது நிமிடத்தை இரண்டாகப் பிரிப்பது தோல்வியில் முடியும், இருபது நிமிடத்தில் தரம் 1 பென்சில் எடுத்து முடிக்காது. இரண்டு பாடவேளைகளைச் சேர்த்து 80 நிமிடமாக எடுக்கலாம். முதல் 10 நிமிடம் எல்லோருக்கும் பொதுவாகப் பாட்டோ கதையோ. பிறகு 30 நிமிடம் ஒரு தரத்தோடு, மற்றத் தரம் சுயவேலை. அடுத்த 30 நிமிடம் மாற்றம். கடைசி 10 நிமிடம் செய்ததைக் காட்டல்.

சறுக்குவது சுயவேலையில்தான். அரை மணிக்கென்று நினைத்துக் கொடுத்த வேலையைக் கெட்டிக்காரப் பிள்ளை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு எழும்பும்; அதோடு வகுப்பே எழும்பும். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வேலை அட்டை, அதற்கு மேல் மேசையில் எடுத்துக்கொள்ள இரண்டு அட்டைகள் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தில் கட்டளை கொடுத்துப் பயனில்லை. படமும் ஒரு உதாரணமும் போதும். முடித்த பிள்ளையைச் 'சின்ன டீச்சர்' ஆக்கும் ஆசையும் வரும். கிழமைக்கு ஒருநாள் அது விளையாட்டு. தினமும் செய்தால் அந்தப் பிள்ளையின் படிப்பு நின்றுவிடும், அதைத் தாய் வந்து கேட்கும்போதுதான் உறைக்கும்.

அட்டைகளை பிறிஸ்டல் போர்டில் செய்து சுவரில் ஒட்டினால் மார்கழி ஈரத்தில் ஒரு கிழமைக்குள் சுருண்டு விழும். வகுப்பறைகள் அரைச்சுவர் என்பதால் சாரல் நேரே உள்ளே வரும். கச்சான் காற்றுக் காலத்தில் அதே வழியால் புழுதி. (நிலக்கடலைக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். பிள்ளைகளிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் தின்பதைப் பற்றிச் சொல்வார்கள்.) அறையின் குறுக்கே நைலோன் கயிறு கட்டி, உடுப்புக் கவ்வியால் தொங்கவிட்டு, போகும்போது கழற்றி அலுமாரிக்குள் வைப்பதே நிலைக்கும்.

எழுத்தில் முதலில் ட, ப போன்ற நேர்கோட்டு எழுத்துகள். அ, இ, ஈ பிறகு. மிகவும் சிரமம் தருவது கொ, கோ வரிசை. வாயில் வருவது ஒரு ஓசை, தாளில் எழுத்துக்கு முன்னாலும் பின்னாலும் இரண்டு குறி. பிள்ளை கேட்ட ஒழுங்கில் எழுதும். ஆகவே 'க' முதலில் வந்துவிடும், கொம்புக்கு இடமிருக்காது. நடுவில் எழுத்தட்டையை வைத்து இரண்டு பக்கமும் குறி அட்டைகளைக் கையால் நகர்த்த விட்டால் சொல்லி விளக்குவதைவிட விரைவில் பிடிபடும்.

பேச்சைத் திருத்தப் போக வேண்டாம். பிள்ளை "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று எண்ணட்டும். கரும்பலகையில் 'ஒன்று' என்று எழுதி, "நாம ஒண்டு எண்டு சொல்றத இப்படி எழுதுவம்" என்றால் போதும். வாயைத் திருத்திய வகுப்பில் பிள்ளைகள் கதைப்பதையே விட்டுவிடுவார்கள். நகரத்திலிருந்து வரும் ஆசிரியைகள் செய்யும் முதல் பிழை இதுதான், நல்ல எண்ணத்தோடு செய்யும் பிழை.

பாடசாலை ஆண்டு வழமையாக ஜனவரியில் தொடங்கும். வெள்ளம் வடிந்தும் வடியாத காலம் அது. கையோடு பெரும்போக அறுவடையும் வந்துவிடும். புதிதாகச் சேர்ந்த தரம் 1 பிள்ளை இரண்டு கிழமை வந்துவிட்டு, தாய் தகப்பனோடு வயல் வாடிக்கு (வயலோரக் குடிலுக்கு) போய்விடும். இடாப்பில் அது வெறும் 'வரவில்லை'. ஊரில் தங்கும் ஆசிரியைக்குத்தான் எந்த வாடி, எத்தனை நாள், பெரியம்மா வீட்டில் விட்டுப் போக வழியுண்டா என்பது தெரியும். அப்படிப் போகும் பிள்ளைக்குப் பத்து அட்டைகளைப் பொலித்தீன் பைக்குள் போட்டுக் கொடுக்கலாம். அரைவாசி திரும்பி வரும். எழுத்துச் சொல்லிக்கொடுக்கும் முக்கியமான படியை அறுவடை உச்சத்தில் வைக்காமல், பாட்டு, கதை, எண்ணல் என்று ஓட்டிவிட்டு, பிள்ளைகள் திரும்பியதும் தொடங்கினால் மாசியில் ஒருமுறை, பங்குனியில் ஒருமுறை என்று இரண்டு முறை படிப்பிக்க வேண்டியிருக்காது. வேலைத்திட்டத்தில் இந்த மாற்றத்தை எழுதி அதிபரின் ஒப்பம் வாங்க வேண்டும். மேற்பார்வைக்கு வரும் ஆசிரிய ஆலோசகர் திகதியைத்தான் பார்ப்பார்.

அறுவடை முடிந்தால் வீட்டு வாசலில் புது நெல்லரிசி வரும், சட்டித் தயிர் வரும், ஆற்று மீன் வரும். மறுத்தால் மனம் நோகும். விளைந்ததையும் பிடித்ததையும் கொஞ்சம் வாங்கலாம். காசோ துணியோ ஒருநாளும் வாங்கக் கூடாது. டீச்சர் எந்த வீட்டில் தேநீர் குடித்தா, எந்த வீட்டில் "இப்பதான் குடிச்சன் மாமி" என்று எழும்பினா என்பதை ஊர் எண்ணிக்கொண்டிருக்கும். ஆகவே எல்லா வீட்டிலும் அரைக் கோப்பை. கொக்கட்டிச்சோலைத் தேருக்கும் வைகாசியில் கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்குக்கும் போய் நின்றால், கூட்டத்துக்கு வராத தகப்பன்மாரை அங்கே காணலாம். "அண்ணன், மகன் கணக்கில நல்லம், எழுத்தில கொஞ்சம் பார்க்கோணும்" என்று அந்த வெளிவீதியில் சொல்லும் ஒரு வசனம் பெற்றோர் கூட்டத்தில் சொல்வதைவிட வீட்டுக்குப் போய்ச் சேரும்.

இடமாற்றம் என்றோ ஒருநாள் வரும். பொறுப்புக் கையளிக்கும்போது பொருட்பதிவேடும் அலுமாரிச் சாவியும் கொடுத்தால் சட்டப்படி போதும். ஆனால் அடுத்து வரும் பெண்பிள்ளைக்குத் தேவையானது எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. எந்தப் பிள்ளை எந்த வாடிக்குப் போகும், எந்த மதகு முதலில் மூழ்கும், எந்தக் கிணறு ஆடியிலும் உவர்க்காது என்பதை ஒரு எண்பது பக்கக் கொப்பியில் எழுதி வைக்கலாம். அறை கொடுக்கக்கூடிய வீட்டின் பெயரையும் சேர்த்து.