டீம் ஊருக்கு வந்திருக்கிறது: காரைக்குடி நாட்குறிப்பு

ஜூலை 24, புதன்

வாட்ஸ்அப்பில் வந்தபோது யாரோ கிண்டல் பண்ணுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஒரு ஃபுட்பால் டீமின் சீசனுக்கு முந்தைய கேம்ப், நம்ம காரைக்குடியில், காலைப் பயிற்சியை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். இந்தப் பக்கம் சினிமா யூனிட் வரும், கானாடுகாத்தானில் பெரிய வீட்டு வாசலில் கேமராவைப் போட்டுத் தெருவை மறிப்பார்கள், அதெல்லாம் பழகிப்போனது. சம்பளத்துக்கு ஃபுட்பால் ஆடுகிறவர்கள் வந்து நான் பார்த்ததில்லை. அக்கா மகனை எழுப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு ஆறு மணிக்கெல்லாம் கல்லூரி மைதானத்துக்குப் போய்விட்டேன்.

கேட்டில் ஒரு நிபந்தனை. டிரையலுக்கு வந்த பையன்களும் இருக்கிறார்கள், யாரை எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் வீடியோ கூடாது, டீம் பெயரோ ஆட்டக்காரர் பெயரோ போட்டு எங்கேயும் எழுதவும் கூடாது. சரி, நியாயம்தான். இந்தக் குறிப்புகளில் பெயர் இருக்காது, தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் அரை மணி நேரம் பந்தே வெளியே வரவில்லை. எல்லோரும் ஜெர்ஸிக்குள் நெஞ்சோடு நின்றுவிடுகிற கறுப்பு பனியன் ஒன்று போட்டிருந்தார்கள். "என்ன மாமா, பாதி பனியன் போட்டிருக்காங்க?" என்றான் பையன். முதுகில், இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில் சின்ன ஜிபிஎஸ் கருவி இருக்கும், எவ்வளவு தூரம் ஓடினான், எவ்வளவு வேகம், எத்தனை தடவை சட்டென்று வேகம் எடுத்தான் எல்லாம் அதில் பதிவாகும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஓடுற மாதிரி நடிக்க முடியாதா?" என்றான். அவன் ஆடுவது மிட்ஃபீல்டில்.

ஜூலை 25, வியாழன்

இன்றைக்கு ரோண்டோ. எட்டுப் பேர் வட்டமாக நிற்க, நடுவில் இரண்டு பேர் பந்தைப் பறிக்க ஓட வேண்டும், வெளியே நிற்பவனுக்கு ஒரே ஒரு டச். யூடியூபில் ஆயிரம் தடவை பார்த்ததுதான், ஆனால் அதில் பின்னணி இசை போட்டுவிடுகிறார்கள், இங்கே பத்தடி தள்ளி நின்று கேட்டால் அது வேறு விஷயம். வாய் ஓயவே இல்லை. "டைம்", "மேன் ஆன்", "டர்ன்", "ஒன் டச்" என்று ஆளாளுக்குக் கத்துகிறார்கள், நடுவில் மலையாளம், இந்தி, மணிப்பூர்ப் பையன்கள் இரண்டு பேர் அவர்களுக்குள் அவர்கள் மொழி.

ஊர் கிரவுண்டிலும் நாங்கள் கத்தாமல் ஆடுவதில்லை. ஆனால் என்ன கத்துகிறோம்? "டேய் குடுடா", "இங்க இங்க", "எனக்கு எனக்கு". பதினொரு பேரும் பந்தைக் கேட்கிறோம். பந்து வைத்திருக்கிறவனுக்கு முதுகுப் பக்கம் ஆள் வருகிறானா, திரும்ப நேரம் இருக்கிறதா என்று எவனும் சொல்வதில்லை. இவர்கள் பந்தைக் கேட்பது ரொம்பக் குறைவு, பந்து யாரிடம் இருக்கிறதோ அவனுக்குக் கண்ணாக இருக்கிறார்கள். இத்தனை வருஷம் டிவியில் மேட்ச் பார்த்தும் இது எனக்குப் புரியவில்லை என்றால் காரணம் கமென்டரிதான், அந்தச் சத்தத்தில் ஆட்டக்காரன் பேசுவது எங்கே கேட்கிறது!

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. அம்மாவை கொப்புடையம்மன் கோயிலுக்குக் கூட்டிப்போய், வரிசையில் நின்று, அப்படியே செக்காலை ரோட்டில் கடையைத் திறந்துவிட்டேன். பயிற்சி பார்க்கவில்லை. பையன் சைக்கிளில் போய்விட்டு வந்து, "இன்னைக்கு சும்மா ஸ்ட்ரெச்சிங்தான் மாமா" என்றான். எனக்காகச் சொன்னானா உண்மையா தெரியவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

கூட்டம். தேவகோட்டையிலிருந்து ஒரு பி.டி. சார் வேன் நிறையப் பிள்ளைகளை அழைத்து வந்திருந்தார், புதுவயல், கோட்டையூர் பக்கமிருந்து பைக்கில் பையன்கள். வெளிநாட்டு ஆட்டக்காரர் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் அவரைச் சுற்றி செல்ஃபிக்கு மொய்த்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே நின்றார் பாவம். செல்ஃபி முடிந்ததும் பாதிக் கூட்டம் டீக்கடைக்குப் போய்விட்டது. பிள்ளைகளும் சாரும் மட்டும் கயிற்றை ஒட்டி உட்கார்ந்து கடைசிவரை பார்த்தார்கள்.

நான் கோல்கீப்பர்கள் இருந்த மூலைக்குப் போனேன். மூன்று பேர், தனிக் கோச். கையுறையைப் போடுவதற்கு முன்னால் உள்ளங்கைப் பக்கம் தண்ணீர் ஊற்றித் தேய்க்கிறார்கள், அந்த ரப்பர் காய்ந்திருந்தால் பந்து வழுக்கும், லேசாக ஈரமாக இருந்தால்தான் பிடிக்கும். கோச் ஆறடி தூரத்திலிருந்து தரையோடு அடிக்கிறார், இடது, வலது, இடது, விழுந்தவன் எழுந்து நிற்பதற்குள் அடுத்த பந்து. புல்லுக்கு போர் தண்ணீர் நன்றாகவே பாய்ச்சியிருக்கிறார்கள், ஆனாலும் அடியில் நம்ம ஊர்ச் செம்மண், கல் மாதிரி. எழுந்து டிரவுசரைத் தட்டும்போது இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது தெரிந்தது.

மூன்றாவது கீப்பருக்கு இந்த சீசனில் ஒரு மேட்ச்சாவது கிடைக்குமா என்பதே சந்தேகம். அவர் குரல்தான் மைதானம் முழுக்கக் கேட்டது. ஆறு பேர் ஆறு பேராகப் பிரித்து ஆடவிட்டபோது, தன் முன்னால் நின்ற இளம் டிஃபெண்டரை விடவே இல்லை: "லெஃப்ட் தோள் பக்கம் பாரு, ஸ்டெப் அப், இன்னும், இன்னும், நில்லு!" டிஃபெண்டரும் தமிழ்ப் பையன்தான். அந்த டிஃபெண்டர் நன்றாக ஆடினான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பாதி ஆட்டம் பின்னால் நின்றவருடையது.

பக்கத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு ஐயா. கோல்கிக்கை டிஃபெண்டர் கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பெட்டிக்குள்ளேயே வாங்கினதைப் பார்த்து, "என்ன தம்பி இது, திரும்ப அடிக்கச் சொல்லணும்ல?" என்றார். 2019-ல் விதியை மாற்றிவிட்டார்கள் ஐயா, பந்து உதைபட்டு நகர்ந்தாலே ஆட்டம் தொடங்கியாச்சு, பெட்டியை விட்டு வெளியே போக வேண்டியதில்லை என்றேன். "கீப்பர் கையில பிடிக்கக் கூடாதுன்னு ஒண்ணு கொண்டுவந்தான், இப்ப இதுவா" என்று தலையாட்டினார். அவர் சொன்னது 1992-ல் வந்த பேக்பாஸ் விதி, சொந்த டீம் ஆள் காலால் திருப்பிக் கொடுத்த பந்தை கீப்பர் கையால் எடுக்கக் கூடாது என்பது. அதுவே அவருக்கு இன்னும் புதுசு.

ஜூலை 29, திங்கள்

இன்று ஓய்வு நாள். டீம் பஸ் பிள்ளையார்பட்டிக்குப் போனதாகக் கடைக்கு வந்தவர் சொன்னார்.

ஜூலை 30, செவ்வாய்

முழுக்க கார்னர் பயிற்சி. இதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். ஒரே கார்னர், ஒரே ஆள் அடிக்கிறார், ஒரே ஓட்டம், கோச் விசில் ஊதி எல்லோரையும் பழைய இடத்துக்கு அனுப்புகிறார், மறுபடி. அடிப்பவர் ஒரு கையைத் தூக்கினால் முன் கம்பத்துக்கு, இரண்டு கையையும் தூக்கினால் பின் கம்பத்துக்கு என்று நானே கண்டுபிடித்துவிட்டேன் என்றால் எதிர் டீம் கண்டுபிடிக்காதா? நாளைக்கே மாற்றிவிடுவார்களாக இருக்கும்.

தலையால் முட்டுகிறவன் கடைசியில்தான் வருகிறான். அதற்கு முன்னால் இரண்டு பேர் பந்தைப் பற்றிக் கவலையே படாமல் ஓடி எதிராளியின் வழியை அடைத்து நிற்கிறார்கள். 2018 மார்ச்சில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்) ஃபைனல், பெங்களூரு கண்டீரவா மைதானத்தில், பெங்களூரு டீமின் சுனில் சேத்ரி முதல் கோல் போட்டதும் வீட்டில் டிவியை அணைக்கப் போனேன். அப்புறம் நம்ம மைல்சன் ஆல்வெஸ் இரண்டு கார்னரில் இரண்டு ஹெட்டர், சென்னையின் எஃப்.சி டீம் 3-2 என்று கோப்பையைத் தூக்கியது. அன்றைக்கு ஆல்வெஸ் எவ்வளவு உயரம் எகிறினார் என்று மட்டும்தான் பார்த்தேன். இன்று வீட்டுக்கு வந்ததும் அந்த கோல்களைத் திரும்பப் போட்டு, அவரை விட்டுவிட்டு மற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடை திறக்க லேட்.

ஆகஸ்ட் 1, வியாழன்

கடைசி திறந்த பயிற்சி. இரண்டாகப் பிரித்து முழு மைதானத்தில் ஆடினார்கள், மூன்றாவது கீப்பருக்கு ஒரு பாதி கிடைத்தது, ஒரு கோல் வாங்கினார், அவர் மேல் தப்பில்லை, பந்து டிஃபெண்டர் காலில் பட்டுத் திரும்பியது. அப்போதும் முதலில் வாயைத் திறந்தவர் அவர்தான், தலையைத் தொங்கப்போட்ட பையனிடம் போய் ஏதோ சொல்லித் தட்டிக்கொடுத்தார். முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் ஸ்ட்ரைக்கரைச் சுற்றி நிற்க, என் அக்கா மகன் இந்த கீப்பரிடம் போய்க் கையெழுத்து கேட்டான். "நீ எந்த பொசிஷன்?" என்றார். "மிட்ஃபீல்டுண்ணே." "பேசுவியா?" இவன் முழித்தான். "பந்து இல்லாதப்பவும் பேசணும்டா" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டார்.

நாளையிலிருந்து வெளியாட்களுக்கு அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை தேவகோட்டை சாரின் பிள்ளைகளோடு எங்கள் ஊர்ப் பையன்களுக்கு ஒரு மேட்ச் பேசி வைத்திருக்கிறேன். "குடுடா" என்று கத்துகிறவனை இரண்டு நிமிஷம் வெளியே உட்கார வைப்பது என்று முடிவு. முதல் பத்து நிமிஷத்தில் எத்தனை பேர் உள்ளே மிஞ்சுவார்கள் என்று தெரியவில்லை.