ஒற்றை இறக்கைக்குக் குடும்பப் பெயர் வைக்கும் முன்

ஸ்டோன்ஃபிளை (இளம்பருவத்தை நீரில் கழிக்கும் ஒரு பூச்சி வகை) புதைபடிவம் என்று பாறையில் கிடைப்பது பெரும்பாலும் இறக்கைதான். ஆனால் இன்றைய குடும்பங்களைப் பிரித்தறிய நாம் பார்ப்பதோ வேறு உறுப்புகளை. பெர்லிடே குடும்பம் என்றால் இளம்பருவத்தில் மார்போரம் கொத்துக்கொத்தாகச் செவுள்கள். வளர்ந்த பூச்சியிலும் அவற்றின் மிச்சம் சுருங்கி ஒட்டியிருக்கும். டேனியோப்டெரிஜிடே என்றால் பாதத்தின் மூன்று கணுக்களும் ஏறத்தாழ ஒரே நீளம். பாறையில் நசுங்கிய பூச்சியில் இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது? நெமூரிடே கொஞ்சம் தாராளம்: இறக்கை நுனிப்பக்கம், முன்விளிம்பை ஒட்டி, நரம்புகள் பெருக்கல் குறிபோல் குறுக்கிடும்.

நரம்பைப் படிப்பதிலும் வழுக்கல் உண்டு. உயிருள்ள இறக்கையில் சில நரம்புகள் மேடாகவும் சில பள்ளமாகவும் இருக்கும். பாறை பிளக்கும்போது ஒரு பாதியில் மேடு மேடாகவே நிற்கும், எதிர்ப்பாதியில் அதுவே பள்ளம். எந்தப் பாதி கையில் இருக்கிறது என்று தெரியாமல் நரம்புக்குப் பெயரிட்டால் எல்லாமே தலைகீழ். விளக்கைத் தாழ்வாகச் சாய்த்து, திசையை மாற்றி மாற்றிப் படமெடுக்க வேண்டும். எத்தனால் தடவிய நிலையிலும் ஒன்று எடுங்கள். நிறம் எடுப்பாகத் தெரியும், மேடுபள்ளம் மட்டும் மங்கும். இன்னொன்று: ஒரே பூச்சியின் இடது, வலது இறக்கைகளிலேயே குறுக்கு நரம்புகளின் எண்ணிக்கை மாறும். அதை வைத்துப் புது இனம் அறிவிப்பது வீண் வேலை.

அம்பரில் (கல்லாகிப்போன மரப்பிசினில்) முழு உடலும் கிடைப்பதால் நிலைமை மேல். சுமார் 9.9 கோடி ஆண்டு பழைய பர்மா அம்பரில் பெர்லிடே இருக்கிறது. ஆகவே அந்தக் குடும்பத்துக்குக் குறைந்தது அவ்வளவு வயது. அதே அம்பரிலிருந்து 2018இல் விவரிக்கப்பட்ட பெட்ரோபெர்லா மிக்ஜாக்கெரி (ஆம், ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுப் பாடகர் மிக் ஜாக்கரின் பெயரேதான்) எந்த இன்றைய குடும்பத்திலும் பொருந்தவில்லை. இழுத்துப்பிடித்துத் திணிக்காமல், அற்றுப்போன தனிக் குடும்பமாக வைத்தார்கள். சரியான முடிவு.

சீனாவின் நிங்சியா பகுதியிலுள்ள சியாஹெயானில் கிடைத்து 2011இல் பெயர் பெற்ற கூலோ கார்பென்டெரி கார்பனிஃபெரஸ் காலத்தது (சுமார் 36 முதல் 30 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலம்). இன்றைய குடும்பங்கள் எல்லாம் கிளைப்பதற்கு முன்பே பிரிந்த அடித்தண்டு உயிர் அது. மூலக்கூறு கடிகாரத்தில் (டிஎன்ஏ வேறுபாடுகளை வைத்துக் கிளைகள் பிரிந்த காலத்தைக் கணக்கிடும் முறையில்) அதன் வயதை ஸ்டோன்ஃபிளைகள் மற்ற பூச்சிகளிடமிருந்து பிரிந்த கணுவில்தான், அதாவது வம்சாவளி மரத்தின் அந்தக் கிளைப்புள்ளியில்தான், பொருத்த வேண்டும். தவறி இன்றைய குடும்பங்களின் பொது மூதாதைக் கணுவில் பொருத்தினால், பெர்லிடே முதல் நெமூரிடே வரை எல்லாவற்றின் வயதும் ஒருசேரப் பின்னோக்கி நகர்ந்துவிடும்.