வன்னியின் வரலாற்றுக்கு ஸ்கானர் மட்டும் போதாது

ஈழத்தில் எண்ணிம ஆவணப்படுத்தல் பற்றிய பேச்சு பெரும்பாலும் 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்திலிருந்தே தொடங்குகிறது. ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் சாம்பலான பின், ஒரே இடத்தில் ஒரே பிரதியாக எதையும் வைத்திருக்கக் கூடாது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியது. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் இணையத்தளம் அந்த எண்ணத்துக்குச் செயல்வடிவம் கொடுத்தது. பழைய சஞ்சிகையோ பாடசாலை மலரோ தேவைப்பட்டால், முல்லைத்தீவில் இருக்கும் மாணவர் ஒருவர் இன்று யாருடைய அலுமாரியையும் தட்டாமல் கைப்பேசியிலேயே வாசித்துவிடலாம். இதன் பெறுமதியை நான் எந்த வகையிலும் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ஸ்கான் செய்வதற்கு முதலில் ஒரு தாள் இருக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அச்சுக்கூடங்களைக் கண்ட யாழ்ப்பாணத்துக்குப் பொருந்தும் முறை, அதன் தெற்கே அச்சு குறைவாகவும் வாய்மொழி நிறைவாகவும் இருந்த வன்னிப் பெருநிலப்பரப்புக்கு அப்படியே பொருந்தாது என்பதே என் எண்ணம்.

வன்னியைப் பற்றி எழுத முற்படுவோர் இன்றும் முதலில் கையிலெடுப்பது ஜே. பி. லூயிஸ் என்ற பிரித்தானிய அதிகாரி 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூலைத்தான். குளங்களையும் குடித்தொகையையும் காய்ச்சலையும் கச்சேரி எனப்படும் அரச அலுவலகத்தில் இருந்தவர் பார்த்த பார்வை அது. அதே காலத்தில் குளத்தின் கீழ் கமம் செய்தவரின் பார்வை எந்தத் தாளிலும் ஏறவில்லை. அது முள்ளியவளையில் ஆடப்பட்ட கோவலன் கூத்திலும், வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கலுக்கான வழக்கங்களிலும், எந்தக் குளத்துக்கு யார் முதலில் துருசு (மதகு) திறப்பது என்ற கிராமத்து ஒழுங்கிலும் தங்கியிருந்தது.

அச்சில் வந்தவற்றுள் குடும்ப வரலாற்றுக்கு மிகவும் பயன்படுபவை இறந்தவருக்கான கிரியையாகிய அந்தியேட்டிக்கு வெளியிடப்படும் நினைவு மலர்கள். தேவாரங்களுக்கும் ஒப்பாரிப் பாக்களுக்கும் இடையே வம்சாவளியும், பிறந்த ஊரும், பெண் எடுத்த ஊரும், எந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்தது என்பதும் அவற்றில் இருக்கும். இவற்றை எண்ணிமப்படுத்தும் பணி நன்றாகவே நடக்கிறது. எனினும், 2008இன் பிற்பகுதியிலிருந்து 2009 மே வரை, இறுதிப் போரில், இரணைமடுப் பக்கமிருந்து முள்ளிவாய்க்கால் வரை ஓடியவர்கள், வழியில் புதைத்த பலருக்கு அந்தியேட்டியே செய்யவில்லை. மலர் எங்கிருந்து வரும்? 1958, 1977 வன்செயல்களின் பின் மலையகத்திலிருந்து கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் வந்து காடு வெட்டிக் குடியிருந்த குடும்பங்களில் பலருக்குக் காணி உறுதியும் இல்லை, மலர் போடும் வசதியும் இல்லை. தாளை மட்டும் சேகரித்துக்கொண்டு போனால், தாள் வைத்திருந்தவர்களே வன்னியின் மக்கள் என்றொரு தோற்றம் இணையத்தில் உருவாகிவிடும். தேடுபொறியில் வராதவர் வரலாற்றிலும் இல்லாதவராக எண்ணப்படும் காலம் இது.

ஆகவே எங்களுக்கு ஸ்கானரைவிட ஒலிப்பதிவும் செய்மதிப் படமும்தான் கூடுதலாக உதவுகின்றன என்று நினைக்கிறேன். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படங்களுக்குத் திரும்பிப் போகும் வசதி உண்டு. அயலில் இருக்கும் ஓர் அம்மாவிடம் அவருடைய பழைய கிராமத்தை அப்படி எடுத்துக் காட்டினேன். முதலில் அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மேலிருந்து பார்த்தால் எல்லாம் பற்றையாகத் தெரிகிறது என்றார். பிறகு குளக்கட்டின் வளைவைக் கண்டுகொண்டார், அதிலிருந்து விரலை மெல்ல இழுத்து வந்து, “உந்தப் புளிக்கு இங்கால பக்கம்தான் தம்பி எங்கட கிணறு. இதிலயிருந்து இது மட்டும் பெரியையாவின்ர வயல்” என்றார். அடுத்து வேலிக்கு வேலி ஆட்களின் பெயர்கள் வந்தன. யார் எந்த ஆண்டு வந்தார்கள், யாருடைய வீட்டில் முதன்முதலில் றேடியோ இருந்தது என்பதெல்லாம் வெறும் கேள்விக்கு வராதவை. படத்தைத் தொட்டதும் வந்தன.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. அந்த ஒலிப்பதிவை மட்டும் கேட்பவருக்கு “இது”, “உது”, “அங்கால” என்பவை எந்த இடங்கள் என்று தெரியாது. விரல் நின்ற இடம் ஒலியில் பதியாது. எனவே கைப்பேசியின் திரைப்பதிவையும் குரலையும் ஒரே நேரத்தில் எடுக்க வேண்டும், பேச்சு முடிந்ததும் ஒவ்வொரு இடத்தையும் வரைபடத்தில் குறித்துப் பெயரிட வேண்டும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு விவரக்குறிப்பு எழுத ஒரு நாள்கூடப் பிடிக்கலாம். நிதி கொடுப்போர் கமராவுக்குக் கொடுப்பார்கள். விவரம் எழுதுபவருக்குக் கொடுக்க மாட்டார்கள். ஆனால் யார், எங்கே, எப்போது என்ற குறிப்பு இல்லாத கோப்பு, இன்னும் பத்து வருடங்களில் யாருக்கும் உதவாது.

செய்மதிப் படங்கள் வேறொரு வகையிலும் இந்த மண்ணின் வரலாற்றை மாற்றியவை. 2009இல் ஐக்கிய நாடுகளின் யுனோசாட் அமைப்பு, நந்திக்கடலுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட அந்த ஒடுங்கிய மணல்பரப்பின் சேதங்களைச் செய்மதிப் படங்களைக் கொண்டு ஆராய்ந்து வெளியிட்டது. 2011இல் வெளியான ஐ.நா. பொதுச்செயலாளரின் நிபுணர் குழு அறிக்கையும் அத்தகைய படங்களைப் பயன்படுத்தியது. செய்தியாளர்கள் போக முடியாதிருந்த இடத்துக்கு வானிலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது. ஆனால் படத்தில் குழியும் கூரையற்ற வீடும் தெரியுமே தவிர, அந்த வீட்டில் யார் இருந்தார்கள் என்பது தெரியாது. அதை வீட்டுக்காரர்தான் சொல்ல வேண்டும்.

சொல்லும்போது வரும் பயமும் உண்மையானது. 1979இன் பயங்கரவாதத் தடைச் சட்டம் பலருக்கு இன்னும் பழங்கதையாகவில்லை. 2024இல், இணையத்தில் பதிவிடுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்துகொண்டது. யூரியூப்பில் முகத்துடன் ஏற்றிய வாக்குமூலத்தைப் பிறகு அழித்தாலும், பிறர் பிரதியெடுத்ததை அழிக்க முடியாது. பார்வையாளர் எண்ணிக்கைக்காக அழுகையை நெருக்கத்தில் பிடித்துப் போடும் அலைவரிசைகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. பதிவு செய்வதற்கான சம்மதமும் வெளியிடுவதற்கான சம்மதமும் வெவ்வேறானவை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்பதுடன், பிள்ளைகள் மட்டும் கேட்கலாம், பெயரின்றி வெளியிடலாம், தன் காலத்தின் பின் வெளியிடலாம் என்ற தெரிவுகளையும் சொல்பவரிடமே விட வேண்டும்.

கையில் பழைய படங்கள் வைத்திருப்பவர்களுக்கு ஒரு நடைமுறைக் குறிப்பு. அல்பத்தின் பிளாஸ்ரிக்குடன் ஒட்டிப்போன படத்தை உரித்தெடுக்க வேண்டாம். மேலிருந்தபடியே, வெயில் நேரே விழாத வெளிச்சத்தில் படமெடுங்கள். பின்புறம் எழுத்து இருந்தால் அதையும் எடுங்கள். வட்ஸ்அப்பில் வழக்கம்போல் அனுப்பினால் படத்தின் தெளிவும், எடுத்த நாள் போன்ற உள்விவரங்களும் போய்விடும். ஆவணமாக இணைத்து அனுப்பினால் கோப்பு அப்படியே வரும். படத்தில் இருப்பவர்களின் பெயர்களை இடமிருந்து வலமாகச் சொல்லி ஒரு குரல்பதிவும் சேர்த்து அனுப்புங்கள். பெயர் தெரியாதவரைத் தெரியாதவர் என்றே சொல்லுங்கள். வேறொரு வீட்டில் அவரை அறிந்தவர் இருக்கக்கூடும்.