எம்எம்வி செய்முறைத் தேர்வு: ஸ்டீயரிங் ஆயில் லீக்கில் நான் கோட்டை விட்டது எங்கே

ஐடிஐயில் எம்எம்வி (மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள்) படித்தேன். போன வாரம் ரெண்டாவது தடவை எழுதிய தேர்வுக்கு ரிசல்ட் வந்தது, பாஸ். கூடப் படித்தவர்கள் எல்லாம் ஓசூரில் அப்ரண்டிஸ் சேர்ந்து ஒரு வருடம் கழித்து வந்த பாஸ் என்பதால் வீட்டில் யாரும் ஸ்வீட் வாங்கவில்லை, அம்மா மட்டும் "சரி, விட்டது சனி" என்றார். தியரி எனக்கு எப்போதும் பிரச்சினை இல்லை, 33 சதவீதம் போதும், நெகட்டிவ் மார்க் கிடையாது, நிமி (ஐடிஐ பாடப்புத்தகம் போடும் அரசு நிறுவனம்) புத்தகத்தின் கேள்விகளைப் புரட்டினாலே தாண்டிவிடலாம். செய்முறைக்கு 60 வேண்டும். அங்கேதான் விழுந்தேன்.

எனக்கு வந்த ஜாபு பழைய டீசல் கார், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், ஆயில் குறைகிறது, கண்டுபிடித்து சரி செய்ய வேண்டும். குனிந்து பார்த்தால் ரேக் (சக்கரங்களைத் திருப்பும் பல் தண்டு) பக்கத்தில் ரிட்டர்ன் ஹோஸ் (ஆயில் திரும்பிப் போகும் குழாய்) கிளிப் சொதசொதவென்று நனைந்திருந்தது, கிளிப் நுனியில் சிவப்பாக ஒரு சொட்டு தொங்கியது. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று புது கிளிப் போட்டு, ஆயில் ஊற்றி, பத்து நிமிடத்தில் "முடிஞ்சுது சார்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். தேர்வாளர் ஒன்றும் பேசவில்லை. பழைய பேப்பர் ஒன்றை அடியில் விரித்தார், இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை ரெண்டு பக்கமும் திருப்பச் சொன்னார். பேப்பரில் மூன்று சொட்டு. அதே கிளிப்பிலிருந்து.

லீக் அங்கே இல்லவே இல்லை. மேலே, பம்பிலிருந்து பிரஷர் பைப் கிளம்பும் யூனியனில் (நட்டு போட்டு இறுக்கும் இணைப்பு) ஓ-ரிங் (ரப்பர் வளையம்) போயிருந்தது, ஆயில் பைப்பைப் பிடித்தே இறங்கி வந்து கிளிப்பில் சேர்ந்து சொட்டியது. அன்றைக்கு ஒருவரும் இதைச் சொல்லித் தரவில்லை. ரெண்டு வருடப் பயிற்சியிலும் ஒழுகும் வண்டியில் ஒருமுறைகூட எங்களைக் கை வைக்க விடவில்லை, போர்டில் படம் வரைந்ததோடு சரி. அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை.

அப்புறம் பாலக்கோட்டில் மாமா ஷெட்டில் எட்டு மாதம். தக்காளி லோடு ஏற்றும் பிக்கப்புகள்தான் அங்கே அதிகம், "ஸ்டீயரிங் கனமா இருக்குண்ணா, திருப்பினா ஊய்ங்குது" என்று வருவார்கள். நான் டார்ச் எடுத்துக்கொண்டு அடியில் நுழைவேன், வெளியிலிருந்து மாமா குரல் வரும்: "மாப்ள, தொடச்சியா? தொடைக்காம என்னத்தப் பாக்குற?" ஒவ்வொரு வண்டிக்கும் இதே கேள்விதான்.

அதனால் என்னைக் கேட்டால் இந்த ஜாபில் பாதி மார்க் துணியில் இருக்கிறது. ரெண்டாவது தடவை தேர்வில் பம்பு, பைப், ரேக் எல்லாவற்றையும் டீசல் தொட்டுத் துடைத்து, உலர்ந்த பனியன் துணியால் மறுபடி துடைத்து, இருபது நிமிடம் அதிலேயே போனது. பக்கத்து வண்டியில் நின்ற பையன் சிரித்தான். இன்ஜினை ஓடவிட்டு ஒருத்தரை ஸ்டீயரிங் திருப்பச் சொல்லிவிட்டு மேலிருந்து கீழாகப் பார்த்தேன். யூனியன் நட்டுக்கு அடியில் வியர்த்த மாதிரி ஒரு வளையம், அது திரண்டு சொட்டாகிப் பைப்பில் இறங்கியதை முழுசாகப் பார்த்தேன். கழற்றிய ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகி பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது, நகத்தால் வளைத்ததும் உடைந்தது.

மற்றவை வேகமாக:

- முதலில் எந்த ஆயில் என்று பாருங்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு. ஸ்டீயரிங் ஆயில் பெரும்பாலும் சிவப்பு, ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயில்) வகை. கருப்பு என்றால் பெரும்பாலும் இன்ஜின் ஆயில். தண்ணீர் மாதிரி இருந்து நிறமும் இருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்).
- பிரஷர் பைப்பை விரலால் தடவி லீக் தேடவே கூடாது. டயருக்கு 30 பிஎஸ்ஐ ஏற்றுகிறோம், இதில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் 1000 பிஎஸ்ஐக்கு மேல் போகும், மெல்லிசாகப் பீச்சும் ஆயில் தோலுக்குள் இறங்கிவிடும். அட்டையை நீட்டுங்கள்.
- முழுக்கத் திருப்பிய நிலையில் ஐந்து நொடிக்கு மேல் பிடிக்காதீர்கள், பம்பு சூடாகும்.
- ரேக் பூட் (ரேக் முனையை மூடும் ரப்பர் உறை) கிளிப்பைத் தளர்த்திப் பாருங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் ரேக் சீல் போச்சு. பூட்டை மாற்றி மூடி மறைப்பது ஏமாற்று வேலை.
- பம்பு புல்லிக்குப் பின்னால் ஈரம் என்றால் ஷாஃப்ட் சீல் போச்சு. பெல்ட்டில் ஆயில் பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.
- யூனியன் நட்டுக்கு ஃப்ளேர் ஸ்பேனர் (நட்டை ஏறக்குறைய முழுக்கச் சுற்றிப் பிடிப்பது). சாதா ஓபன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். புது ஓ-ரிங்கில் அதே ஆயிலைத் தடவி மாட்டுங்கள்.
- பிரேக் ஆயில் ஊற்றினால் சீல் உப்பிவிடும். ஃபெயில்தான்.

ஏர் எடுப்பதை, அதாவது ஆயிலில் மாட்டிய காற்றை வெளியேற்றுவதை, அவசரப்படுத்தாதீர்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு கொடுத்து, இன்ஜின் ஆஃபிலேயே ஸ்டீயரிங்கை மெதுவாக ரெண்டு பக்கமும் 20 தடவையாவது திருப்புங்கள், ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே. அப்புறம்தான் ஸ்டார்ட். ரிசர்வாயரில் (ஆயில் டப்பா) நுரை தெரிந்தால் இன்னும் காற்று இருக்கிறது, ஆஃப் பண்ணிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா விடுங்கள். நான் பொறுமை இல்லாதவன், இங்கே நிற்பதுதான் எனக்குப் பெரிய பாடாக இருந்தது. பொறுமைசாலிகளுக்கு நேரம் போதாமல் போகலாம், அவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

வைவா (வாய்மொழிக் கேள்விகள்) சுலபம்தான். கடைசிக் கேள்வி மட்டும் வில்லங்கம். எலக்ட்ரிக் மோட்டார் ஸ்டீயரிங் இருக்கும் சின்ன கார் ஒன்றைக் காட்டி, "இதுல ஆயில் லீக்கை எங்க தேடுவ?" என்றார். நான் துணியை எடுத்துக்கொண்டு ரெண்டு எட்டு நடந்தே விட்டேன், அப்புறம்தான் அதில் ஆயிலே கிடையாது என்று உறைத்தது.