உபுதில் ஒரு மசாஜ்

பாலிக்கு வந்துவிட்டு மசாஜ் செய்யாமல் போவதா? உபுதில் ஒரு ஸ்பாவுக்குள் நுழைந்துவிட்டோம். வாசலில் தென்னங்குருத்துத் தட்டில் பூவும் ஊதுபத்தியும். சனாங் சாரி என்கிற படையல், இங்கே வீடு, கடை எல்லா இடத்திலும் உண்டு.

முதலில் பூ மிதக்கும் வெந்நீரில் காலைக் கழுவினார்கள். அப்புறம் தேங்காய் எண்ணெய். உள்ளங்கையால் இடுப்பிலிருந்து தோள்வரை நீளமாக இழுத்து, நடுநடுவே கட்டைவிரலால் அழுத்துகிறார் அந்த அக்கா. ஒல்லியான உருவம், கையில் அப்படி ஒரு பலம்! தோள்பட்டைக்குக் கீழே "ஆ" என்று கத்தியேவிட்டேன். சிரித்துக்கொண்டே அங்கேயே இன்னும் இரண்டு அழுத்து.

கடைசியில் போரே பூச்சு: அரிசி, கிராம்பு, இஞ்சி அரைத்த விழுது. வயலில் வேலை செய்தவர்கள் உடம்புவலிக்குப் பூசிக்கொண்டதாம். கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் கதகதப்பு.

பக்கத்துக் கட்டிலில் வீட்டுக்காரர் ஒரே குறட்டை. காசு கொடுத்துத் தூங்குகிறார் மனுஷர்!