திரையில் பாதி, நோயாளியிடம் மீதி

அமெரிக்காவில் செவிலியராக எட்டு ஆண்டுகள் பணியாற்றிய பிறகு, ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர், அதாவது எல்லா வயதினரையும் பரிசோதித்து, நோயைக் கண்டறிந்து, மருந்தும் எழுதித்தரும் மேல்நிலைச் செவிலியர், ஆவதற்கான முதுநிலைப் படிப்பில் இணையவழியாகச் சேர்ந்தேன். 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டும் மருத்துவர் ஹென்றி சில்வரும் தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்த துறை இது.

நோயியல், மருந்தியல், உடற்பரிசோதனை ஆகியவற்றின் மேல்நிலைப் பாடங்களே அடித்தளம். மருந்தியலை இரவுப் பணி முடிந்து கண் எரிய எரியப் படித்தேன். உடற்பரிசோதனைத் தேர்வுக்கோ, கைப்பேசியைப் புத்தக அடுக்கின் மேல் சாய்த்துவைத்து, கணவரின் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை ஒவ்வோர் இடமாக நகர்த்தி, எந்த வால்வின் ஒலியைக் கேட்கிறேன் என்று உரக்கச் சொல்லியபடி காணொளி எடுத்து அனுப்ப வேண்டியிருந்தது. அவர் கூச்சத்தில் சிரித்துவிட்டதால் மூன்று முறை எடுத்தோம்.

ஆனால் ‘இணையவழி’ என்பது பாதி உண்மைதான். 2022ஆம் ஆண்டின் தேசியத் தர விதிகள், நோயாளிகளை நேரடியாகக் கவனிக்கும் பயிற்சியைக் குறைந்தது 750 மணி நேரம் கோருகின்றன. அதற்கு வழிகாட்டும் மருத்துவரையோ நர்ஸ் பிராக்டிஷனரையோ மாணவரே தேடிக்கொள்ள வேண்டும் என்று என் கல்லூரி கைவிரித்துவிட்டது. கட்டணத்தைவிட முன்பாக நான் விசாரித்திருக்க வேண்டியது அதைத்தான். பல வாரங்கள் மின்னஞ்சல் அனுப்பி அலுத்த பின், ஒரு சிறிய மருத்துவமனையில் செவ்வாய், வியாழன் மட்டும் வரச் சொன்னார்கள். அந்த நாட்களுக்கேற்ப என் பணிநேரத்தை மாற்றிக்கொண்டேன்.