பொதுப்பாடங்களின் கணக்கு

எங்கள் பல்கலைக்கழகத்தின் பொதுக்கல்விப் பாடத்திட்டத்தைத் திருத்தியமைக்க நியமிக்கப்பட்ட குழுவில் நான் இரண்டரை ஆண்டுகள் இருந்தேன். பிற்பாதியில் செயலாளர் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. பொதுக்கல்வி என்று நாங்கள் சொன்னது, எந்தத் துறையில் பட்டம் பெற வந்தவரானாலும் முடித்தே ஆகவேண்டிய பாடங்களை: கட்டுரை எழுதும் பயிற்சி, கணிதம், இயற்கை அறிவியல், வரலாறு, அயல்மொழி, கலை. நான்காண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இவற்றுக்கே போகும். 'முடித்துத் தொலைக்க வேண்டியவை' என்று மாணவர்கள் தமக்குள் சொல்லிக்கொள்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியும். குழு அமைக்கப்பட்டதற்கு உண்மையான காரணமே அந்தப் பேச்சுதான் என்றாலும், நியமன ஆணையில் 'மறுசீரமைப்பு' என்ற கௌரவமான சொல் இருந்தது.

முதல் எட்டு மாதங்கள் முகவுரை எழுதுவதில் கழிந்தன. கல்வி பெற்றவர் என்று எவரைச் சொல்வது, பட்டத்தோடு வெளியேறுபவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற கேள்விகளை மிகுந்த ஆர்வத்தோடு விவாதித்தோம். 'ஆய்ந்து சிந்திக்கும் திறன்' என்ற தொடர் முதல் வாக்கியத்தில் வருவதா, மூன்றாவதில் வருவதா என்று ஒரு மாலை முழுவதும் பேசியது நினைவிருக்கிறது. ஏழு வரைவுகளை எழுதியவன் நான். எந்த வரைவுக்கும் பெரிய எதிர்ப்பு வரவில்லை. அதை என் எழுத்தின் வெற்றியாக அப்போது எடுத்துக்கொண்டேன். அந்த முகவுரை எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தவில்லை, அதனால்தான் எதிர்ப்பும் இல்லை என்பது பின்னால்தான் விளங்கியது.

அந்த மாதங்களில் பிற பல்கலைக்கழகங்கள் என்ன செய்தன என்று படித்ததுதான் ஓரளவு பயன் தந்தது. 1869 முதல் 1909 வரை ஹார்வர்டின் தலைவராக இருந்த சார்லஸ் எலியட், கட்டாயப் பாடங்களை ஒவ்வொன்றாக நீக்கி, மாணவர் தம் விருப்பப்படி தேர்ந்துகொள்ளும் முறையைக் கொண்டுவந்தார். அவருக்குப் பின் வந்த லாவெல், ஒரு துறையில் ஆழமும் மற்றத் துறைகளில் பரப்பும் வேண்டும் என்று பாடங்களைப் பகிர்ந்தளிக்கும் முறைக்குத் திரும்பினார். அதே ஹார்வர்டு 1945-இல் பொதுக்கல்வி பற்றி நீண்ட அறிக்கை வெளியிட்டது. 1978-இல் மையப் பாடத்திட்டம் ஒன்றை ஏற்றது. 2007-இல் அதையும் மாற்ற முடிவெடுத்தது. பிரவுன் பல்கலைக்கழகமோ 1969-இல் பொதுக் கட்டாயங்களை அநேகமாக முற்றிலும் கைவிட்டது. ஊசல் இங்குமங்கும் ஆடுகிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு வேறொன்று பட்டது. எத்தனை முறை கலைத்தாலும், அறிவியலில் இரண்டு, சமூக அறிவியலில் இரண்டு, கலையில் ஒன்று என்று பங்கிடும் முறைதான் பெரும்பாலான இடங்களில் திரும்பத் திரும்ப வந்து உட்காருகிறது. அதில் கல்வித் தத்துவம் எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எந்தத் துறையும் புதிய பாடம் எதையும் உருவாக்க வேண்டியதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு பங்கு கிடைத்துவிடும் என்பதே அதன் பலம்.

ஜப்பானின் அனுபவம் இன்னும் தெளிவாகப் பேசியது. 1991-இல் அங்கே விதிகள் தளர்த்தப்பட்டு, பொதுக்கல்விக்கும் துறைக்கல்விக்கும் இடையே இருந்த கட்டாயப் பிரிவினை நீக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பெரும்பாலான தேசியப் பல்கலைக்கழகங்கள் பொதுக்கல்விக்கென இருந்த பிரிவுகளைக் கலைத்து, ஆசிரியர்களை மற்றப் புலங்களுக்குப் பிரித்தனுப்பின. டோக்கியோ பல்கலைக்கழகமோ தன்னுடையதைக் காப்பாற்றிக்கொண்டது. ஒரு பாடம் நிலைப்பதும் அதைக் கற்பிக்கிறவரின் இருக்கை நிலைப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்பதை நான் முதலில் அங்கேதான் பார்த்தேன். எங்கள் குழுவில் அதை வாய்விட்டுச் சொல்ல எவரும் தயாராக இல்லை.

பாடப்பட்டியலைத் தொட்ட நாளிலிருந்து கூட்டத்தின் தொனி மாறியது. வரலாற்றுப் பாடத்தை இரண்டிலிருந்து ஒன்றாகக் குறைக்கலாம் என்றால் குடிமைப் பண்பு அழிந்துவிடும் என்றார்கள். ஆய்வகத்தோடு கூடிய அறிவியல் பாடத்தை ஆய்வகமின்றி நடத்தலாம் என்றால் அறிவியல் மனப்பான்மையே போய்விடும் என்றார்கள். சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. தாம் சொன்னதை நம்பித்தான் சொன்னார்கள். ஆனால் பேசப்படாத கணக்கு ஒன்று அடியில் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுக்கு 1,200 மாணவர் சேரும் ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்வோம். அனைவரும் படிக்க வேண்டிய ஒரு பாடத்துக்கு, வகுப்புக்கு 30 பேர் என்று வைத்தால் 40 வகுப்புகள் வேண்டும். ஓர் ஆசிரியர் ஆண்டுக்கு ஆறு வகுப்புகள் எடுப்பார் என்றால், அந்த ஒரு பாடம் ஏறத்தாழ ஏழு பேரின் வேலை. பட்டியலிலிருந்து ஒரு வரியை அடிப்பது என்பது அந்த ஏழு நாற்காலிகளை நகர்த்துவது. துறைக்கு வரும் நிதியும் பல இடங்களில் மாணவர் எண்ணிக்கையை ஒட்டியே வருகிறது. இது தெரிந்தவர் குடிமைப் பண்பைப் பற்றிப் பேசும்போது குரல் சற்று உயர்வதில் வியப்பில்லை.

என் கையும் சுத்தமாக இல்லை. நான் புள்ளியியல் துறையைச் சேர்ந்தவன். கணிதக் கட்டாயத்துக்காக எல்லா மாணவரும் இயற்கணிதப் பாடம் ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. நுண்கணிதத்துக்குத் தயார்செய்வதற்காக அமைக்கப்பட்ட அப்பாடத்தை, நுண்கணிதத்தின் பக்கமே போகாத இலக்கிய மாணவரும் சமூகவியல் மாணவரும் படித்துத் திணறினார்கள். அவர்களுக்குப் புள்ளியியலைத் தேர்ந்துகொள்ளும் உரிமை வேண்டும் என்று வாதாடினேன். வாதம் சரியானது என்றே இன்றும் கருதுகிறேன். ஆயினும் அது நிறைவேறினால் என் துறைக்கு இரண்டு புதிய பணியிடங்கள் கிடைக்கும் என்பதைக் கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் சுட்டிக்காட்டியபோது, எனக்குக் கோபம் வந்ததே தவிரப் பதில் வரவில்லை.

அந்தக் கூட்டத்துக்குப் பிறகுதான் பதிவாளர் அலுவலகத்துக்குச் சென்று, முந்தைய ஆண்டு பட்டம் பெற்றவர்களில் நூறு பேரின் பாடப் பதிவுகளைப் பெயரும் எண்ணும் நீக்கித் தரும்படி கேட்டேன். விதிப்புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். மாணவர்கள் உண்மையில் எதைப் படித்தார்கள் என்று ஒருவரும் பார்த்ததில்லை. நான்கு வார இறுதிகள் அந்தத் தாள்களோடு கழிந்தன. பட்டியலில் நூற்றுக்கணக்கான பாடங்கள் இருந்தும், பெரும்பாலோர் ஏறத்தாழ அதே இருபது பாடங்களைச் சுற்றியே வந்திருந்தார்கள்: காலை நேரத்தில் வராதவை, கட்டுரை கேட்காதவை, இடம் காலியாக இருந்தவை. முதலாண்டில் எழுத்துப் பயிற்சியை முடித்தவர் அடுத்த மூன்று ஆண்டுகளில் ஐந்து பக்கத்துக்கு மேல் எதையும் எழுதாமல் பட்டம் பெற வழி இருந்தது. வேறு கல்லூரியிலிருந்து இடையில் மாறி வந்தவர்களுக்கோ, முன்பு படித்தவை எங்கள் பெட்டிகள் எதிலும் அடங்காமல் 'பொது விருப்பப்பாடம்' என்று வீணாகி, ஒரு பருவம் கூடுதலாகப் படிக்க நேர்ந்திருந்தது. எல்லாவற்றையும்விட, ஒரு பாடத்தை இரண்டு கட்டாயங்களுக்கு ஒருசேரக் கணக்கில் கொள்ளலாமா என்ற சிறு விதி, நாங்கள் எட்டு மாதம் செதுக்கிய முகவுரையைவிட மாணவரின் கல்வியை அதிகமாகத் தீர்மானித்திருந்தது. பொறியியல் மாணவர்களுக்கு அவ்விதி இல்லாவிட்டால் நான்கு ஆண்டில் பட்டம் கிடைக்காது. இருந்தாலோ அவர்கள் தம் துறையை விட்டு வெளியே வரவே தேவையில்லை.

அந்தத் தாள்களோடு, ஒவ்வொரு கட்டாயத்தாலும் ஒவ்வொரு துறைக்கும் எத்தனை வகுப்புகள் கிடைக்கின்றன என்ற அட்டவணையையும் தயாரித்து மேசைமேல் வைத்தேன். என் துறையின் வரியை முதலில் எழுதினேன். அநாகரிகமான செயல் என்று ஒரு மூத்த உறுப்பினர் முகம் சுளித்தார். ஆனால் அன்று முதல் பேச்சு நேரானது. 'இதைக் குறைத்தால் மூன்று பேரை எங்கே வைப்பது?' என்று ஒரு துறைத்தலைவர் வெளிப்படையாகக் கேட்டபோது, அதற்கு விடை தேட முடிந்தது. எழுத்துப் பயிற்சியை மூன்றாம் ஆண்டிலும் வைப்போம், அதை எல்லாத் துறைகளும் நடத்தட்டும், அந்த மூவரும் அதில் பங்குபெறட்டும் என்று முடிவானது. குடிமைப் பண்பு அழியும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்த வரை எங்களால் செய்ய முடிந்ததெல்லாம் தலையாட்டுவது மட்டுமே.

கல்விப் பேரவையில் திட்டம் சிறு பெரும்பான்மையில் நிறைவேறியது. கணிதக் கட்டாயத்துக்குப் புள்ளியியலையும் ஏற்றார்கள். இரட்டைக் கணக்கு இரண்டு பாடங்களுக்கு மட்டும் என்று நின்றது. மாறி வந்த மாணவர்களின் சிக்கல் பாதிதான் தீர்ந்தது. மீதி, ஒவ்வொரு கல்லூரியோடும் தனித்தனியாகப் பேச வேண்டிய வேலை. அயல்மொழிக் கட்டாயம் நான்கு பருவத்திலிருந்து இரண்டாகக் குறைந்தது. இரண்டு பருவத்தில் எந்த மொழியும் வந்துவிடாது என்று மொழித்துறையினர் சொன்னது உண்மை. நான்கிலும் பெரும்பாலோருக்கு வரவில்லை என்பதும் உண்மை. நான் குறைப்பதற்கே வாக்களித்தேன்.

இரண்டு ஆண்டுகளில் மேல்நிலை மொழி வகுப்புகள் மெலிந்தன. ஒப்பந்தத்தில் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலருக்கு அடுத்த ஆண்டுக்கான கடிதம் வரவில்லை. அவர்களில் ஒருவர் தம் அறையைக் காலிசெய்த நாளில் நடைவழியில் எதிர்ப்பட்டார். கையில் அகராதிகள் நிறைந்த பெட்டி இருந்தது. கதவைத் திறந்து பிடித்துக்கொண்டேன், நன்றி சொல்லிவிட்டுப் போனார். பிறகு, பேரவைக்கு அனுப்பிய விளக்கக் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். குழுவின் மேசையில் இருந்த வகுப்பு அட்டவணை அதில் இல்லை. நீளம் கருதி அதை நீக்கிவிட்டு, முகவுரையை முழுமையாகச் சேர்த்திருந்தேன்.